மாசி மகத்துக்கு மாலைதீவு

இல்லைத் தங்கச்சி, அந்தக் கிழமை சரிவராது. நான் உங்கட ட்ராவல்ஸில வந்து இருந்தவுடனயே சொன்னனான் எல்லே, மாசி மகம் நடுவில வரவேணும் எண்டு. நீங்கள் காட்டுறது ஹாஃப் டேர்ம் கிழமை. அது மகத்துக்கு முன்னமே முடிஞ்சிடுது. பள்ளிக்கூட லீவெண்டா இருக்கட்டும், எனக்கு வேண்டாம். இந்தா பாருங்கோ, கோயில் கலண்டரைப் போன்ல படம் பிடிச்சுக்கொண்டு வந்தனான். இந்தப் பறுவம், முழு நிலவு போட்டிருக்கிற நாள். அதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னம் போய் இறங்கினாக் காணும்.

ஏனெண்டோ? மகத்திலண்டு கடல்ல தோய்ஞ்சா நல்லதெல்லே, உங்களுக்கு அம்மா சொல்லித் தரேல்லையோ? ஓமோம், சவுத்எண்டிலயும் கடல் இருக்குத்தான். இந்தக் குளிருக்குள்ள சவுத்எண்டில இறங்கினா தீர்த்தம் நடக்காது, எனக்குச் செத்தவீடுதான் நடக்கும். சிரிக்காதேங்கோ, உள்ளதைத்தான் சொல்லுறன்.

வேலையில லீவு தந்திட்டினம். நான் பள்ளிக்கூடக் கிச்சின்ல வேலை, ஹாஃப் டேர்ம்லதான் எடுக்கலாம் எண்டு மனேச்சர் மூஞ்சையை நீட்டினவ. தராட்டி வேலையை விடுறன் எண்டன். பிறகு தந்தவ. இத்தினை வருசமா ஒரு நாள் சுகமில்லை எண்டு நிக்காத ஆளை விட்டுட்டு அவ என்ன செய்யிறது?

பொறுங்கோ, போன் அடிக்குது. அக்காதான். இல்லை, எடுக்கேல்ல. எடுத்தா இப்ப வேண்டாம், பிள்ளைக்குச் சோதினை வருகுது, வெயில் கூட, கடல் பயம் எண்டு ஏதாவது சொல்லுவா. காசைக் கட்டிப்போட்டு எடுக்கிறன். அதுதான் சொல்லுறன், இண்டைக்கே போட்டுத் தாங்கோ. வெண்ணெய் திரண்டு வரேக்க தாழி உடைஞ்ச கதையாப் போகக்கூடாது.

சரி, ஆக்களைத் திருப்பிச் சொல்லுறன், எழுதுங்கோ. இஞ்ச லண்டன்ல இருந்து நான் ஒரு ஆள். டோஹாவில இருந்து மூண்டு பேர். என்ர அக்கா செல்வமலர், அத்தான் பத்மநாதன், அவையின்ர மகள் மகிழினி. அத்தானுக்கு அங்க ஏசி கொம்பனியில சூப்பவைசர் வேலை, போய்க் கனகாலம். பாஸ்போட்டுப் படம் மூண்டும் அவர்தான் உங்களுக்கு அனுப்பினவர். நல்ல மனுசன். அக்காவுக்குத் தெரியாமல் எனக்கு ரெண்டு மூண்டு நல்லது செய்திருக்கிறார்.

நான் இஞ்சயிருந்து டோஹாவுக்குப் போய், அங்கயிருந்து அவையின்ர பிளேனிலயேதான் மாலைதீவுக்குப் போகவேணும். இடையில காத்திருக்கிறது பிரச்சினையில்லை, எவ்வளவு நேரமெண்டாலும் ஏர்போட்டுக்குள்ள குந்தியிருப்பன். வேற பிளேன் காட்டாதேங்கோ. சீற்று இப்பவே பிடிக்கலாமோ? மூண்டு சீற்று வரிசை. ஜன்னல் மகிழினிக்கு, பக்கத்தில நான். அக்காவும் அத்தானும் எங்கயாவது சேர்ந்திருக்கட்டும், கலியாணம் முடிச்ச ஆக்கள்தானே. ஆ? வேற வேற புக்கிங் எண்டாப் பக்கத்தில வராதோ? ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ. நாலையும் ஒண்டாச் சேர்த்துப் போடேலாதோ? தெண்டிச்சுப் பாருங்கோ தங்கச்சி. நாலைஞ்சு மணித்தியாலப் பயணம், பிள்ளை நித்திரை தூங்கினா ஒரு தோள் வேணுமெல்லே.

என்ன? அதைத்தான் எல்லாரும் கேக்கினம். டோஹா மட்டும் போறன் எண்டா அக்கா வீட்டிலயே நிக்கலாம்தான். சின்ன பிளாட் பாருங்கோ, இடம் காணாது. ம்... இடமில்லாமலும் இல்லை. அக்காவுக்கு விருப்பமில்லை. வீட்டுக்கு வராதை, வெளியில எங்கயும் எண்டாப் பாப்பம் எண்டு சொன்னவ. கோவம் ஒண்டுமில்லை, மாசம் மாசம் கதைக்கிறனாங்கள். அவவுக்குச் சில சில பயங்கள். ஊரில சந்திப்பம் எண்டு கேட்டதுக்கும் மாட்டன் எண்டிட்டா. அங்க சனத்துக்குக் கண்ணும் கூட, வாயும் கூட. ஆரின்ர சாயல் ஆருக்கு எண்டு பாக்கிறதுதான் அதுகளுக்கு முழுநேர வேலை.

நல்லவேளை, மாலைதீவு எண்டா சிலோன் பாஸ்போட்டுக்கும் அங்க போய் இறங்கின உடன விசா குத்துறாங்கள். லண்டனுக்குக் கூப்பிட்டுப் பாத்தனான். அத்தானுக்கும் பிள்ளைக்கும் எண்டாலும் தாங்கோ எண்டு கேட்டதுக்கு, திரும்பிப் போவினம் எண்ட நம்பிக்கை இல்லையாம், வராதாம். உங்களுக்கு விளங்கும், நீங்கள் நாளும் பொழுதும் இதோடதானே சீவிக்கிறியள்.

இந்த ஐடியாவே மகிழினியின்ரதான். ஒருநாள் வீடியோவில கதைக்கேக்க, சித்தி, எங்கட வகுப்பில எல்லாரும் மாலைதீவு போட்டு வந்திட்டினம், நீங்களும் வாங்கோவன் எண்டாள். சும்மா வாயால சொன்னவள். எனக்கு அது நெஞ்சில ஒட்டிட்டுது. வாற வருசம் படிக்க மெல்பேர்ன் போறாள். அங்க போனாப் பிறகு என்ன, படிப்பு, வேலை, ஆரும் ஒரு பெடியன். சித்தி எங்க நினைவில நிக்கப் போறா? அதுக்கு முதல் ஒரு கிழமை அவளோட இருக்கவேணும். அவ்வளவுதான். வேற ஒரு கோதாரியும் எனக்கு வேண்டாம்.

நேரில பாத்தது... போன்லதான் பாத்துக்கொண்டு இருக்கிறன். எனக்கு இஞ்ச விசா தர அவங்கள் இழுத்த இழுவையில அவள் வளந்திட்டாள். நல்ல வடிவு. நாடியில ஒரு சின்னக் குழி. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அக்கா வீடியோ அனுப்புவா. ஊதி, வெட்டி, முதல் துண்டை எடுத்து அக்காவின்ர வாயிலதான் வைப்பாள். எங்கட ஆக்கள் எங்க போனாலும் அதுதானே முறை, முதல் துண்டு அம்மாவுக்கு.

அதை விடுங்கோ, ஹோட்டலுக்கு வருவம். தண்ணிக்கு மேல வீடு, அடியில கண்ணாடித் தரை, அதுதான் மகிழினி கேட்டது. மீன் ஓடுறது தெரியுமாம். அக்காவுக்குத் தரையில வேணும், தண்ணியெண்டா நடுக்கம். அப்ப இப்பிடிச் செய்வமே, அக்காவுக்கும் அத்தானுக்கும் கரையில ஒரு வீடு, எனக்கும் மகிழினிக்கும் தண்ணி வீடு. இல்லை, வேண்டாம், அழியுங்கோ. அக்கா ஒத்துக்கொள்ள மாட்டா. ராவில ரெண்டு பேரும் தனிய இருந்து என்ன கதைப்பமோ எண்டு அவ நித்திரை கொள்ள மாட்டா. மூண்டு பேருக்கும் கரையில போடுங்கோ. எனக்கு மட்டும் கண்ணாடி வீடு. பகல்ல மீன் பாக்க வருவாள் எல்லே? வருவாள். ஐஸ்கிரீமும் வைச்சிருந்தா வராமல் விடுவாளோ?

சின்னப் பிளேன் வேண்டாம், ஸ்பீட் போட் போகிற தீவாப் பாருங்கோ. அக்கா சின்னப் பிளேனைக் கண்டா அதைச் சாட்டாச் சொல்லியே நிண்டிடுவா. இன்னொண்டு கேக்கிறன், எங்கட யாழ்ப்பாணத்து ஆக்கள் கனக்கப் போற தீவோ அது? நீங்கள் ஆரையும் அந்தக் கிழமைக்கு அனுப்பி வைக்கேல்லையே? வெள்ளையளும் அரபுக்காரரும் எண்டா எனக்குச் சந்தோசம். அதுவும் அக்காவின்ர கண்டிசன்தான்.

நீந்தவோ? ஏன், என்னைப் பாத்தா நீந்துற ஆள் மாதிரித் தெரியேல்லையோ? வைகாசியில இருந்து பழகுறன். கவுன்சில் பூலில பொம்பிளையளுக்கெண்டு ஒரு நேரம் இருக்கு. முழுக்க மூடின உடுப்பு, தலைக்கு றப்பர்த் தொப்பி, மூக்குக்குள்ள தண்ணி. முதல் நாள் கூடப் படிக்கிற சோமாலிப் பிள்ளையின்ர கழுத்தைக் கட்டிப்பிடிச்சு அதையும் தண்ணிக்குள்ள தாழ்க்கப் பாத்தனான். இப்ப ஒரு கரையில இருந்து மற்றக் கரைக்குப் போவன், நாய் நீச்சல்தான், போவன். மகிழினி பள்ளிக்கூடத்தில மெடல் எடுத்தவள். அவள் கடலுக்குள்ள போகேக்க நான் கரையில துவாயோட குந்தியிருக்க ஏலாதெல்லே.

திரும்ப அடிக்குது. அடிக்கட்டும். நீங்கள் டைப் பண்ணுங்கோ.

ஹோட்டல் ஃபோம் என்ன கேக்குது? விசேசமோ? ஒண்டும் இல்லை எண்டு போடுங்கோ. ஆ, போட்டா கேக் தருவாங்களோ? சும்மாவோ? பொறுங்கோ, பொறுங்கோ, அழியாதேங்கோ. அப்ப அக்காவின்ர வெடிங் அனிவசரி எண்டு போடுங்கோ. மகத்திலண்டு பின்னேரம் கேக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கோ. கலியாணச் சேட்டிபிக்கட் காட்டவேணுமோ? அட, ஒரு கேக்குக்கு இந்தப் பாடே! அது சரிவராது, அக்கா கட்டினது ஆவணியில. என்ர றிட்டயர்மெண்ட் எண்டு போட்டா? ஓம், வயசு காணாதுதான். அங்க ஒருத்தரும் என்ர பாஸ்போட்டை வைச்சுக்கொண்டு கேக் வெட்டப் போறேல்லையே.

சரி. பேர்த்டே எண்டு போடுங்கோ.

தெரியும் தங்கச்சி. நாலு பாஸ்போட்டும் உங்கட முன்னால கிடக்கு, ஒருத்தரும் மாசியில பிறக்கேல்ல. மகிழினி ஐப்பசி எண்டுதான் கிடக்கு, ஓம். அது அக்கா பதிஞ்ச நாள். அத்தானின்ர விசாவில கூட்டிக்கொண்டு போகவேணும், ஏதோ ஒரு நாளைச் சொல்லிப் பதிஞ்சவை. அந்த நாளுக்குத்தான் வருசாவருசம் அவை கேக் வெட்டுறவை.

நான் எங்க நாளைக் கண்டன்? கடைசிச் சண்டையில மாத்தளனில பங்கருக்குள்ள கிடக்கிற ஆளுக்குக் கலண்டர் ஆர் கொண்டுவந்து தந்தது? திங்களோ செவ்வாயோ எண்டும் தெரியாது. வெளியில நிலவு பால் மாதிரி அடிச்சுது. அவள் பிறக்கேக்க கையில ஏந்தின மனுசி, எடி பிள்ளை, இண்டைக்கு மாசி மகம், மற்ற வருசமெண்டா இந்நேரம் கடல்ல நிண்டிருப்பம் எண்டவ. அது ஒண்டுதான் எனக்குத் தெரியும். அவளின்ர தகப்பன் காணாமலே போட்டார். பேந்து ஆமி அடைச்ச முகாமுக்குள்ள எனக்கு காயம், காய்ச்சல், பால் வத்திப்போச்சு. கைக்குழந்தையளை எண்டா வெளியில விடுறம் எண்டாங்கள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை, கொழும்பில இருந்து வந்து முள்ளுக் கம்பிக்கு அங்கால நிண்டவ. குடுத்தனான். உயிரோட இருக்கட்டும் எண்டு குடுத்தனான். இப்ப அந்த முள்ளுக் கம்பிக்கு முன்னால நிறுத்தினாலும் குடுப்பன். ஆனா ஒருக்காக் குடுத்தா, திருப்பிக் கேக்கிறதில்லை. அம்மா எண்டு அக்காவைக் கூப்பிட்டுப் பழகின பிள்ளை.

இல்லை, சொல்ல மாட்டன். அக்காவுக்கு அந்தப் பயம்தான். இவள் வாயைத் திறந்திடுவாள், பிள்ளை போயிடும் எண்டு. நான் திறக்க மாட்டன், அக்காவுக்குத்தான் நம்பிக்கை வரேல்ல. வரும், ஒரு கிழமை என்னோட இருந்து பாத்தா வரும். ஏன் நீங்கள் கண்ணைத் துடைக்கிறியள்? எனக்கு ஒண்டுமில்லை, எனக்கு ஆசைதான் தங்கச்சி, வேறயொண்டும் இல்லை. அந்தப் பிள்ளையின்ர தலையை ஒருக்கா மோந்து பாக்கவேணும் போலக் கிடக்கு.

இந்தாங்கோ பாங்க் காட். எடுங்கோ. போன் திரும்ப அடிக்க முதல் எடுங்கோ.

காசு போச்சோ? நாலு பேரின்ரயும் போச்சோ? அப்பாடா.

தங்கச்சி, அந்த பேர்த்டேயை மட்டும் அழிச்சுவிடுங்கோ. யோசிச்சுப் பாத்தா அது வேண்டாம். ஓம், நான் ஹோட்டலுக்குக் காசு குடுத்தே கேக்கை எடுக்கிறன். பேர் எழுத வேண்டாம், மெழுகுதிரி வேண்டாம், பாட்டு வேண்டாம், வெறும் கேக். பிறந்தநாள் எண்டு வந்தா முதல் துண்டு அம்மாவுக்கு எண்டு நேரா அக்காவிட்டப் போயிடும். சும்மா கேக் எண்டா, பக்கத்தில இருக்கிற ஆளுக்குத்தானே முதல்ல நீட்டுவாள். நான் பக்கத்தில இருப்பன்.