பேக்கரிக் கண்ணாடியில் ஒரு முதுகு

— அந்தப் படத்தக் கழட்டுறியா, இல்ல கண்ணாடிய உடைக்கட்டுமா மாக்கம்மா?

— உடைங்க வோங் அண்ணே. நியூயார்க்ல எங்க கண்ணாடி உடைஞ்சாலும் மோட் தெரு சீனக் கூட்டம் பூரா கூடிடும். சலவைக்கடைக்காரருக்குப் பேக்கரி மேல என்ன கோவம்னு கேக்கும்.

— கோவம் உன் மேல இல்ல. கேமராக்காரன் லோ மேல. ஹாங்காங்லேர்ந்து நேத்து வந்த பய. மீன் வாங்குறவ, மாஜாங் சூதாட்டம் ஆடுறவன்னு ஒருத்தர விடாமப் புடிக்கிறான். யாருக்குன்னு எவராச்சும் கேட்டீங்களா? குடியேற்ற ஆபீசுக்குத்தான்.

— நமக்கெதுக்கு வம்பு. வாராவாரம் இங்க ஒரு படம் மாட்டுறான். பாக்க வர்றவங்க ஆளுக்கு ஒரு கறி பன்னு வாங்கிட்டுப் போறாங்க. போன வாரம் என் மூஞ்சியத்தான் மாட்டினான், மாவும் வேர்வையுமா. நான் குதிச்சேனா?

— உன் மூஞ்சியும் இதுவும் ஒண்ணா?

— இது இடுகாடு. முன்னோருக்குப் படைக்கிற நாள்ல எடுத்தது. எவனோ ஒருத்தன் நெத்தி மண்ணுல பட விழுந்து கும்புடுறான். எதிர்ல சுட்ட பன்றி, மூணு கிண்ணம் மது. முதுகுதான் தெரியுது. முகமே இல்ல.

— கல்லு தெரியுதே.

— தெரியுது. மோய்னு குடும்பப் பேரு கொட்டை எழுத்துல. அதுக்கு வோங் குடும்பத்து ஆளு உங்களுக்கு ஏன் நெஞ்சு அடிச்சுக்குது?

— அடிச்சுக்கல.

— அண்ணே. அந்த முதுகு உங்களுதா?

— மெதுவாப் பேசு.

— இவ்வளவு நேரம் கத்தினது நீங்க.

— சிநேகிதன் சமாதி. ஓட்டல் அடுப்படில என்னோட நின்னவன். பொண்ணுகிட்டயும் அப்படித்தான் சொல்லிருக்கேன்.

— சிநேகிதனுக்கு யாரு அண்ணே அப்படி விழுவா? பெத்தவனுக்கு விழுவாங்க. அங்க கூட யாரு இருந்தா?

— யாருமில்ல. என் பொண்ணு சூக்யின் வந்தா, அவளும் தண்ணி புடிக்கப் போயிட்டா. அந்த லோ எந்த மரத்துக்குப் பின்னால பதுங்கினானோ.

— அப்ப நீங்க மோய்.

— எங்கப்பாவால சொந்தப் பேர்ல என்னக் கூப்பிட முடியல. பொடியனா இருக்கறப்ப, வோங் ஒருத்தரோட மகன்னு பொய்க் காகிதம் வாங்கிக் கப்பல் ஏறினேன். நான் மட்டுமா? இந்தத் தெருவுல பாதிப்பேரு காகிதப் பிள்ளைங்க. வெளிய தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவான்.

— இருங்க. வாத்துக்கடை ஹோய்மிங் உங்க பொண்ணக் கேட்டு வந்தானே, அப்ப என்ன சொன்னீங்க? நீயும் வோங், நானும் வோங், பங்காளி வீட்டுல பொண்ணு குடுத்தா முன்னோர் சும்மா விடுவாங்களான்னு விரட்டினீங்க.

— வேற என்ன சொல்லச் சொல்ற? குடுத்தா, எப்படிக் குடுத்தான்னு தெரு கேக்குமே.

— காகிதத்துக்குப் பயந்து பொண்ண வீட்டுலயே வச்சுப் பூட்டுவீங்களா? அது சோறு தின்னே ரொம்ப நாளாச்சுங்கிறாங்க. தானாப் போய் உண்மையச் சொல்றவங்கள விட்டுடுறாங்களாமே. ஒரு வக்கீலப் பாருங்க.

— விடுவான். அப்புறம் இன்னும் யார் யாருன்னு கேப்பான். இத நீ எவகிட்டயாவது சொன்ன...

— நானா? நமக்கெதுக்கு வம்பு.

* * *

— என்ன லோ தம்பி, மூட்டை கட்டியாச்சா? சூக்யின் கல்யாண விருந்து செரிக்கறதுக்குள்ள டொரண்டோவா?

— இங்க யாருக்கா என்னைப் படம் எடுக்க விடுறாங்க? கேமராவத் தூக்கினாலே உளவாளின்னு கதவச் சாத்துறாங்க.

— மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னா அப்படித்தான். ஆனா நல்லதாத்தான் முடிஞ்சுது. எவ சொன்னாளோ, நாலு நாள்ல தெரு பூராத் தெரிஞ்சு போச்சு. மனுசன் வேற வழியில்லாம வக்கீலோட போய்ச் சொன்னாரு. சொந்தப் பேர்லயே காகிதம் குடுத்துட்டான். மோய் பொண்ணு வோங் வீட்டு மருமகளாயிட்டா, வாத்துக்கடை மாடியில குடித்தனம். நமக்கெதுக்கு வம்பு, ஆனா ஒண்ணு கேக்கறேன். நீ எந்த மரத்துக்குப் பின்னால நின்ன?

— நான் அந்த இடுகாட்டுப் பக்கமே போனதில்லக்கா. சூக்யின்தான் கேமராவ இரவல் வாங்கிட்டுப் போனா.

— அவளா எடுத்தா? அப்பன் மாட்டிக்குவான்னு தெரியாதா?

— அதான் முகம் விழாம எடுத்தா. "முதுகு போதும், மிச்சத்த அப்பாவே வந்து கத்திச் சொல்லிடுவாரு. மாக்கக்கா கண்ணாடியிலயே மாட்டு, தெருவுக்குத் தனியா சொல்ல வேண்டியிருக்காது"ன்னா.