தேனீச் சொந்தம்

உள்ள வா மொதல்ல. வாசப்படியில நின்னு பேசுறது எங்க ஊர்ல ஆகாது. கை குலுக்குறதும் உள்ள வந்தப்பறம்தான். ம். இப்பக் குடு. என்னய்யா, ஜூன் மாசத்துல கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?

கத்தாத, காது நல்லாக் கேக்குது. உன் ஆப்பிள் மரத்துல தேனீ. நேத்து மத்தியானத்துலேருந்து. தெரியும். என் கூட்டம்தான் அது. வேலிக்கு மேல கருப்புத் துணி பறக்குற மாதிரி போச்சு, பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நீ ஓடிப்போய் ஜன்னலச் சாத்துனதையும் பாத்தேன்.

உக்காரு. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல.

ஒம்பது மணிக்கு மீட்டிங்கா? கம்ப்யூட்டர்லதான? அது எங்க ஓடிப்போயிடப் போவுது. சாப்பிட்டியா? காப்பி சாப்பாடு இல்ல. நீ காலைல என்ன திங்கிறேன்னு எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் டப்பா. மேல ஸ்ட்ராபெர்ரி படம், உள்ள ஸ்ட்ராபெர்ரி வாசன மட்டும். வேவெல்லாம் பாக்கல தம்பி. காத்தடிச்சா அதோட மூடி என் முள்ளங்கிப் பாத்தியில வந்து விழுது.

பொறு. அஞ்சு நிமிஷ வேல.

இது பால்கட்டி. நேத்து வடிச்சது. பால் புளிச்சதும் அடுப்போரத்துல வச்சு லேசா சுட வைக்கணும். கொதிக்க விட்டா ரப்பரு. திரிஞ்சதும் துணிப்பையில ஊத்தி ஆணியில மாட்டிடணும். ராத்திரி பூரா சொட்டும். ஜெனோவைத்தே இருந்தப்ப, அந்தச் சத்தத்துல தூக்கம் போச்சுன்னு அவகிட்டக் கத்துவேன். இப்ப அது சொட்டலன்னா தூக்கம் வர்றதில்ல.

என் சம்சாரம். அந்தா, செவுத்துல படம். போய் நாலு வருஷமாவுது. ஆமா, அழகிதான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

பையன் நார்வேல மீன் வெட்டுறான். லிதுவேனியாவுல பொறந்த பயலுவ பாதிப் பேரு அங்கதான் கெடக்குறானுவ. ஃபோன் பண்ணுவான். நல்லா இருக்கியாப்பாம்பான். இருக்கேன்ம்பேன். அங்க மழையாம்பேன். மழைம்பான். அவ்வளவுதான், முடிஞ்சுது.

கிண்ணத்த இப்படித் தள்ளு. பால்கட்டிய மசிக்கக் கூடாது, விரலால உதிர்க்கணும். கட்டியும் பொடியுமா விழணும். அது மேல ரெண்டு கரண்டி புளிச்ச பாலேடு. கலக்காத! கைய எடு. அப்படியே கெடக்கட்டும். இந்தா ஸ்ட்ராபெர்ரி, இப்பத்தான் பறிச்சது, பனி கூடக் காயல. தோட்டத்துல வெளையுறதுல பாதி நத்தைக்கு, பாதி எனக்கு.

தேன் அந்த ஜாடியில. கெட்டுப் போகலய்யா. போன வருஷத்து லிண்டன் மரத்துப் பூத் தேன். நல்ல தேன் உறையத்தான் செய்யும். அடுப்புல காட்டி உருக்கப் பாத்த, வெளிய அனுப்பிடுவேன். அழுத்திச் சொரண்டி பாலேட்டு மேல வை. தானா இளகும்.

தின்னு.

ம்? ஆள வரச் சொல்லியிருக்கியா? என்ன ஆளு? மருந்தடிக்கிறவனா?

வை கரண்டிய. வேணாம், எடு. தின்னுக்கிட்டே கேளு.

இங்க யாரும் தேனீயக் கொல்ல மாட்டாங்க. செத்துச்சுன்னு கூடச் சொல்ல மாட்டோம். கோழி சாகும், பன்னி சாகும். தேனீ தவறிப்போகும், உன்ன மாதிரி, என்ன மாதிரி. எங்கப்பா, தேனீப் பெட்டியோரம் தவறிக் கெடக்குறதயெல்லாம் பொறுக்கி தீப்பெட்டியில வச்சுப் பொதைப்பாரு. சிரிக்காத. குடிக்காத நேரத்துலதான் செய்வாரு.

நானே எடுத்துட்டுப் போகணுமா? அது முடியாது. கை கால் தெம்பாத்தான் இருக்கு, செய்யக் கூடாது. என் கூட்டம் கெளம்பி உன் வீட்டுல போய் உக்காந்துச்சுன்னா அது உன்னுது. நான் திருப்பிக் கேக்கக் கூடாது. நீ வெல பேசக் கூடாது. வெலைக்கு வந்த தேனீ தங்காது. அன்னையிலேருந்து நீயும் நானும் பிச்சூலிஸ்.

சும்மா சிநேகிதன்னு சொல்ற அது இல்ல. உங்க வில்னியுஸ் டவுன்ல பீர் குடிக்கையில எவனையும் அப்படிக் கூப்பிடுவீங்க. நான் சொல்றது தேனீச் சொந்தம். பொண்ணு குடுத்த சம்பந்தியோட கூட சண்ட போட்டுக்கலாம், இதுல முடியாது. போட்டா ரெண்டு வீட்டுலயும் தேன் நின்னுடும்.

யோசாபாஸ் எனக்கு அப்படி இருந்தான். உன் வீட்டுல முன்ன இருந்தவன். என் கூட்டம் அவன் வீட்டுக்குப் போகும், அவனுது இங்க வரும். கிறிஸ்துமஸுக்கு முந்துன ராத்திரி ரெண்டு குடும்பமும் இந்த மேசையிலதான். ஜெனோவைத்தேய சவக்குழிக்குத் தூக்கிட்டுப் போறப்ப முன்னால தோள் குடுத்தவன் அவன். அப்புறம் அவனுக்கு நான் குடுத்தேன். அவன் புள்ளைங்க வந்தாங்க, வீட்ட வித்தாங்க. காலிப் பெட்டியையெல்லாம் கொட்டாயில போட்டுட்டுப் போயிட்டாங்க. அதுல ஒண்ணுலதான் இப்பக் கூட்டம் எறங்கியிருக்கு.

கொட்டாயில கெடந்த பெட்டி எப்படி மரத்துக்குப் போச்சா? தாடியில தேன் வழியுது பாரு. தொட.

இன்னும் கொஞ்சம் போடுறேன், நீட்டு. பாத்தியா, வேணாம்னு வாய் சொல்லுது, கை நீட்டுது.

பிப்ரவரியில, மொத்த ஊரும் ஐஸாக் கெடந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஒரு நா சாயங்காலம் நீ ஜன்னலோரம் உக்காந்து கம்ப்யூட்டர்ல பேசிக்கிட்டு இருந்த. கையெல்லாம் ஆட்டி ஆட்டி. எனக்கு எப்படித் தெரியும்னா, நான் என் கெணத்துக்கிட்ட மல்லாக்கக் கெடந்தேன். வழுக்கிடுச்சு. எதுவும் ஒடயல. எந்திரிக்க வரல, அவ்வளவுதான். நட்சத்திரமெல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது.

கூப்பிட்டிருக்கலாமா? என்னன்னு கூப்பிடுறது? பேரு தெரியாது. ஏய்னு கத்துறதா? நீ வந்ததுலேருந்து நாம பேசுனது ஒரு வணக்கம். அதுவும் நீ காதுல எதையோ சொருகிக்கிட்டுப் போவ. அப்படி ஒருத்தனக் கஷ்டத்துல கூப்பிடக் கூச்சமா இருந்துச்சு. வாயத் தொறந்தேன். மூடிக்கிட்டேன். அப்புறம் பொரண்டு பொரண்டு போய் கெணத்துக் கட்டயப் புடிச்சு எந்திரிச்சேன். மூஞ்ச அப்படி வச்சுக்காத, திரிஞ்ச பாலு மறுபடி திரிஞ்சிடும்.

மன்னிப்பெல்லாம் யாரு கேட்டா? நான் சொல்றது வேற. தேனீச் சொந்தம்னா கூச்சம் கெடையாது. எந்த நேரத்துலயும் பேரச் சொல்லிக் கத்தலாம், அவன் வந்தாகணும். கவர்ன்மென்ட்டு சட்டமில்ல. அத விடப் பெருசு.

உன் பேரு என்ன?

என்னது? எய்மந்தாஸா. நீளம். கீழ விழுந்து கெடக்குறவன் கத்துறதுக்கு ஆகாது. எய்மாஸ். போதும். நான் பிரானாஸ். ஐயாவெல்லாம் வேணாம், மாமான்னு கூப்பிடு.

சரி, அந்த மருந்துக்காரனுக்கு ஃபோனப் போடு. போடு, நான் ஜாடிய மூடிக்கிறேன், கேக்கல.

வர வேணாம்னுட்டியா? என்ன சொன்னான்? கெடக்குறான்.

கொட்டுமான்னா கொட்டும். ரெண்டு தடவ கொட்டுனா பழகிடும். சாயங்காலம் வெயில் எறங்குனதும் வரேன். பெட்டிய மரத்துலேருந்து எறக்கி கீழ பலகை மேல வைக்கணும். நீ புகை காட்டு, மத்தத நான் பாத்துக்கிறேன். ஏணி வேணும்.

இல்லயா? உன் வீட்டுலயே இருக்கு. இருக்குய்யா. மரத்துக்குப் பின்னாடி, வெட்டாம வச்சிருக்கியே ஒரு காடு, அந்தப் புல்லுக்குள்ள கெடக்கும். என்னோடதுதான். மே மாசம் நீ இல்லாதப்ப கொட்டாயிலேருந்து அந்தப் பெட்டிய எடுத்து, தேனீய இழுக்க உள்ள மெழுகு தடவி, மரத்துல ஏத்திக் கட்டிக்கிட்டு இருந்தேன். கடைசி முடிச்சப் போடுறப்ப உன் கார் சத்தம். ஏணியப் போட்டுட்டு வேலியேறிக் குதிச்சுட்டேன். முட்டி இன்னும் வலிக்குது. கூட்டம் வரும்னு ஒரு உறுதியும் கெடையாது. தெனம் இங்கேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன்.

கிண்ணத்த அங்க வை, நான் கழுவிக்கிறேன். போ, நேரமாச்சு. வீட்டுக்குப் போனதும் அந்த ஜன்னலத் தொற. கெணத்தடியிலேருந்து ஒரு தடவ கூப்பிட்டுப் பாக்குறேன். கேக்குதான்னு சொல்லு.