மாரித்தாய் வகுப்பில் இருந்தாள்

உக்காருங்க சார். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் எங்கயும் ஓடிறாது, எம் மேஜையிலதான் இருக்கு. லேபர் ஆபீசர் வருவாருன்னு பிரின்சிபால் சொல்லிட்டாரு. என்ன கேப்பீகன்னும் சொன்னாரு. நான் என்ன பதில் சொல்லணும்ங்கிறதையும் சேத்தே சொன்னாரு. அம்புட்டு அக்கறை.

போன புதன்கெழமை நாரணாபுரத்துல சீனிவாசகம் முதலாளி பட்டாசுக் கம்பெனியில மருந்து ரூம் தீப்பிடிச்சது. மாரித்தாய்க்கு ரெண்டு கையும் வெந்துபோச்சு. கம்பெனி என்ன சொல்லுது? அன்னைக்கு அவ வேலைக்கே வரல, காலேஜுல பாடம் கேட்டா, சாயங்காலம் வீட்டு அடுப்புல சுட்டுக்கிட்டான்னு. அதானே? ரெண்டு கையையும் முழங்கை வரைக்கும் அடுப்புக்குள்ள விட்டு எவ சார் சோறாக்குவா? நீங்க அடுப்படிப் பக்கம் போனதுண்டா? இல்லைல்ல.

அவரேதான். அங்க முதலாளி, இந்தக் காலேஜுக்குச் செயலாளர். வாசக் கல்வெட்டுல மொதப் பேரு. ரெண்டு வருஷம் முன்ன, அறுபத்திரெண்டுல, இது மொளகா வத்தக் கிட்டங்கி சார். நான் சரித்திரம் நடத்த வாயத் திறந்தா பிள்ளைக தும்மும். யுனிவர்சிட்டிக்காரங்க பாக்க வந்தப்ப அறுபது பேரு இருக்கணும், இருந்தது இருவத்தெட்டு. முதலாளி தன் கம்பெனியில லேபிள் ஒட்டுற பிள்ளைகள வேன்ல ஏத்திக் கொண்டாந்து பெஞ்சுல உக்கார வச்சாரு. பேசாதீக, தலைய மட்டும் ஆட்டுங்கன்னு பிரின்சிபால் பாடம் நடத்துனாரு. அவரு நடத்துனதுலயே நல்ல பாடம் அது. அனுமதி கெடச்சிருச்சு.

சாயங்காலம் எல்லாம் வேன்ல ஏறிருச்சு. ஒருத்தி மட்டும் நின்னா. நாளைக்கு எத்தன மணிக்கு வரணும் டீச்சர்ங்கா. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணவ. வராதேன்னு எந்த வாயால சொல்ல? அவதான் மாரித்தாய். பி.யூ.சி. முடிச்சு இப்ப பி.ஏ. ரெண்டாம் வருஷம்.

மத்த மாசமெல்லாம் ஒழுங்கா வருவா சார், மொத பஸ்ஸுலயே வருவா. ஆடி பெறந்தா தீபாவளி சீசன். அவ ஆத்தா அய்யம்மாளுக்கு இளைப்பு, இவ கம்பெனிக்குப் போனாத்தான் வீட்ல ஒல கொதிக்கும். முக்கால்வாசி நாள் வந்தாத்தான் பரீட்சை எழுத விடுவாக. சீசன் நாளுக்கு மட்டும் சலுகை குடுங்கன்னு காலேஜ் கமிட்டியில கேட்டேன். விதி இடம் தராதாம். இவுக வாயிலருந்து விதிங்கிற சொல்லக் கேக்குறதுக்கா நான் மெட்ராஸ் போயி எம்.ஏ. படிச்சேன்?

கூடப் படிக்கிற பிள்ளைகள விசாரிக்க வேண்டாம் சார். செயலாளர் பேரச் சொன்னாலே அதுக நடுங்கும். இந்தாங்க, நீங்களே பாருங்க. புதன்கெழமை, மாரித்தாய், பிரசன்ட். கம்பெனி வக்கீல் காட்டுறது இதத்தான். மொத பீரியட் என்னோடது. அதுல போட்டா அன்னைக்குப் பூரா வந்த மாதிரி.

அது பொய். நான்தான் போட்டேன். அன்னைக்கு மட்டுமில்ல, ஆடியிலருந்து நாப்பத்தியோரு நாள். அவ பரீட்சை எழுதணும்னு போட்டேன். புதன்கெழமை அவ மருந்து ரூம்லதான் இருந்தா.

தெரிஞ்சுதான் பேசுறேன், நீங்க எழுதிக்கிடுங்க. பேரு ஞானதீபம். உத்தியோகம்ங்கிற எடத்துல விரிவுரையாளர்னே போடுங்க. இன்னைக்குச் சாயங்காலம் கமிட்டி கூடுற வரைக்கும் அது உண்மைதான்.