துவக்குக்காரன் காட்டிய லைசென்ஸ்

சனிக்கிழமை பிற்பகல், லவாலிலிருந்து வரும் மெட்ரோ. எதிர் இருக்கையில் புலம்பெயர்ந்த இரண்டு யாழ்ப்பாணத்தவர்கள். நரைத்த மீசைக்காரர் சொன்ன துப்பாக்கிக் கதை தெளிவாகக் கேட்டது.

“துவக்கோட வந்தவன் எனக்கு லைசென்ஸ் காட்டினவனடா.”

இளையவர் பேப்பரை மடித்தார். “எங்கை அண்ணை?”

“இங்கை வடக்காலை, காட்டுக்கை. இலை நிறம் மாறினதைப் பார்க்க மனிசியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனன். எதிரிலை ஒருத்தன், தோளிலை பெரிய துவக்கு.”

“மான் வேட்டைக்காரனாயிருக்கும். இப்ப அதுக்குத்தானே காலம்.”

“தெரியும். ஆனா கண்டவுடனை ஐடியை எடுத்து நீட்டிப்போட்டன். ஊரிலை ஆமிக்காரன் கேக்க முன்னமே நீட்டுவமே, அப்பிடி. மகள் ‘ஏனப்பா?’ எண்டு கேக்கிறாள். வெக்கமாப் போச்சு.”

“அவன் சிரிச்சிருப்பான்.”

“எங்கை சிரிச்சவன்? வேட்டைக்காரரைச் சோதிக்கிற அதிகாரி எண்டு என்னை நினைச்சிட்டான். துவக்கை நிலத்திலை வைச்சிட்டு, தன்ரை துவக்கு லைசென்ஸை எடுத்துத் தந்தான்.”

“ஐயோ! நான் அதிகாரி இல்லை எண்டு சொல்லியிருக்கலாமே?”

“மகள் பார்த்துக்கொண்டு நிக்கிறாளடா. வாங்கினன். அதிலை இருந்த படத்தையும் அவன்ரை முகத்தையும் மாறி மாறிப் பார்த்தன். ஊரிலை ஆமிக்காரர் எங்களைப் பார்த்த மாதிரியே.”

“பயந்திட்டானோ?”

“அவன் ஏன் பயப்பிடுறான்? பிரெஞ்சிலை ‘மெர்சி’ எண்டு நன்றி சொல்லித் திருப்பிக் குடுக்கேக்கைதான் கண்டனான். அவன்ரை கை ஆடவேயில்லை. என்ரை கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.”