கோமதி தனியாகப் போட்ட ஓட்டு

இந்த இடத்துல ஒரு குட்டிக் கதையைச் சொல்லிட்டுத்தான் மேல போகப் போறேன்... பின்னாடி நிக்கிற தம்பிகளும் கொஞ்சம் காது குடுங்க.

சங்கரன்கோவில் பக்கம் கோமதின்னு ஒரு பொண்ணு. காலேஜுல அரசியல்தான் பாடம். பிறந்ததுல இருந்தே கண்ணு தெரியாது. அவ அப்பா ஆவுடையப்பன்தான் அவளுக்குக் கண்ணு. தொட்டுப் படிக்கிற பிரெய்ல் எழுத்தைப் பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டா, ஆனா காலேஜு புஸ்தகம் ஒண்ணும் அதுல கிடையாது. பாடத்தை வாசிச்சுச் சொல்றதும் அவருதான், தோழி அனுப்புன பிறந்தநாள் வாழ்த்தை வாசிச்சுச் சொல்றதும் அவருதான். யோசிச்சுப் பாருங்க... அப்பாவுக்குத் தெரியாத ரகசியம்னு அந்தப் பொண்ணுக்கு ஒண்ணாவது இருந்திருக்குமா? இருந்ததே இல்ல!

படிக்கிறது அரசியல்னாலும் அரசியல்னாலே அவளுக்கு எரிச்சல். "சட்டம், திட்டம் எல்லாம் கண்ணு தெரியிறவங்க அவங்களுக்காகப் போட்டுக்கிட்டது. டெல்லிக்கு என்னைய எங்க தெரியப் போவுது?"ன்னு சொல்லுவா.

நாடாளுமன்றத் தேர்தல் வந்துச்சு. அவளுக்கு அது முதல் ஓட்டு. ஆவுடையப்பன் யாரு? ஊறிப்போன கட்சிக்காரரு! "ஏட்டி, நீ ஏன் கவலப்படுத? கண்ணு தெரியாதவங்களுக்குத் துணைக்கு ஒரு ஆளு வரலாம்னு சட்டமே இருக்கு. நம்ம சின்னத்துல நானே அமுக்கிருதேன்"னாரு. யாருக்குப் போட்டா என்னன்னு அவளும் தலையாட்டிட்டா.

வாக்குச்சாவடிக்குப் போனாங்க. அங்க இருந்த அதிகாரியம்மா கேட்டாங்க: "தனியாப் போடுறியாம்மா? பிரெய்ல் தாள் இருக்கு."

"பிரெய்லா... இங்கயா?"

"ஆமாம்மா. வேட்பாளர் பேரெல்லாம் புள்ளி எழுத்துல இருக்கு. மிஷின்லயும் பட்டன் பக்கத்துல நம்பரைத் தொட்டுப் பாத்துக்கலாம்."

தாளைக் கையில வாங்குனா. ஒவ்வொரு பேரா விரலை ஓட்டுனா... திரும்ப முதல் பேருக்கே வந்து மறுபடியும் ஓட்டுனா! இத்தனை நாளும் அப்பா குரல்ல கேட்ட பேருங்க. இப்ப எந்தக் குரலும் இல்லாம, நேரா அவ விரலுக்கே வருது!

"வா தாயி, நேரமாவுது"ன்னு அப்பா கையைப் பிடிச்சாரு. அவ மெதுவா கையை உருவிக்கிட்டா.

"யப்பா... நீங்க வெளிய நில்லுங்க."

"என்னட்டி சொல்லுத?"

"நான் மட்டும் போறேம்ப்பா."

போனா... அப்பா வெளிய காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாரு... மிஷின்ல இருந்து பீப்!

வெளிய வந்ததும் கேட்டாரு: "யாருக்குட்டி போட்ட? நம்ம சின்னம்தான?"

"சொல்ல மாட்டேம்ப்பா!"

சிரிக்கிறா... கண்ணுல தண்ணி கொட்டுது. "யப்பா, இப்படி ஒருத்தி வருவா, அவளும் தனியாப் போடணும்னு யாரோ எங்கயோ உக்காந்து நெனச்சிருக்காங்கப்பா. எத்தாப் பெரிய நாடு... அதுல என் விரலுக்கு ஒரு எடம் வச்சிருக்காங்கப்பா!"

ஆவுடையப்பனுக்குக் கோவம் வரலீங்க. மை வச்ச அந்த விரலைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு. மகளோட முதல் ரகசியம்... அதை அந்த மனுஷன் திரும்பக் கேக்கவே இல்ல.

இப்ப உங்ககிட்ட வர்றேன். உங்களுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுது. ஆனா அந்த அட்டை மறைப்புக்குள்ள தனியாவா போறீங்க? சாதி கூட வருது! தெருப் பெரிய மனுஷர் கூட வர்றாரு! பையில கிடக்கிற கவர் கூட வருது! எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுப் போயிட்டு, டெல்லிக்கு என்னைத் தெரியலன்னா எப்படிங்க தெரியும்? அங்க நீங்க போகவே இல்லையே!

அடுத்த தடவை அந்த வாசல்ல கொஞ்சம் நில்லுங்க. கூட வந்த அத்தனை பேரையும் திரும்பிப் பாருங்க. கோவப்பட வேண்டாம்... கோமதி மாதிரி மெதுவா, மரியாதையாவே சொல்லுங்க:

"நீங்க வெளிய நில்லுங்க!"