கண்ணாடிக் கடை நோட்டீஸ்

— தொடவே கூசுது தாயே. கண்ணாடிக் கடை நோட்டீஸா இது? இதைப் படிச்சா நல்ல கண்ணும் கெட்டுடும். ஓஹோ, அப்படியாவது ஆள் பிடிக்கலாம்னு திட்டமா?

— அண்ணே, அந்தக் கடைக்கு நான் மேனேஜர். கொஞ்சம் மரியாதையா சொல்லுங்க.

— தங்கச்சியா போயிட்டே, அதான் இவ்வளவு மரியாதை. வேற யாராவது நீட்டியிருந்தா சுருட்டி மெஷின் துடைக்கப் போட்டிருப்பேன். அதுக்கும் லாயக்கில்ல, தொட்டா கிழியற பேப்பர்.

— என்ன குறைன்னு சொல்லுங்க. எங்க ஆறு கடைக்கும் சேர்த்து இருபதாயிரம் நோட்டீஸ், விசிட்டிங் கார்டு, கவர். பிரஸ்ல குடுக்கறதா, நல்ல பிரிண்டரா ஒண்ணு வாங்கி ஆபீஸ்லயே அடிச்சுக்கறதான்னு நாளைக்கு முதலாளியம்மா முடிவு பண்றாங்க.

— இதுல கேள்வி வேறயா! இந்தப் பொண்ணு மூஞ்சியப் பாரு. கண்ணாடி மாட்ட வந்தாளா, மஞ்சக்காமாலைக்கு மருந்து கேட்டு வந்தாளா? நெத்தியில வேற கோடு கோடா. மை தீர்ந்த பிரிண்டரை உயிர் போற வரைக்கும் ஓட்டியிருக்கான்.

— சரி.

— சரியாம் சரி! ஓரத்தைப் பாரு. இந்தப் பக்கம் ஒரு விரக்கடை வெள்ளை, அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. நாங்க பெரிய தாள்ல அடிச்சு ஓரத்தை மெஷின்ல வெட்டி எடுப்போம், கலர் விளிம்பு வரைக்கும் நிக்கும். இவன் கத்தரிக்கோலால நறுக்கியிருக்கான். அதுவும் ஓடற பஸ்ல உக்காந்து!

— ஈரம் பட்டா?

— இந்தா, விரலை நனைச்சு ஒரு தேய் தேய்க்கறேன். பாத்தியா? உங்க கடை போன் நம்பர் இப்ப என் விரல்ல இருக்கு. இனிமே கண்ணாடி வேணுங்கறவன் என்னைத்தான் தேடி வரணும்.

— அப்ப ஆபீஸ் பிரிண்டர் எதுக்குமே ஆகாதா?

— ஏன் ஆகாது? பத்து பேருக்கு ஒரு விலைப்பட்டியல், தினம் மாறுற லெட்டர், அதுக்கெல்லாம் போதும். ஜனங்க கையில குடுக்கற தாளு கடையோட முகம்மா. அதுவும் இருபதாயிரத்தை அதுல அடிச்சா, மைக்கே ஆறு கடையையும் எழுதி வைக்கணும்.

— பிரஸ்தான்னு சொல்றீங்க.

— பிரஸ்லயும் நம்ம பிரஸ். புது மெஷின் மூணு மாசமா போர்வை போத்திக்கிட்டுத் தூங்குது. இந்த ஆர்டர் வரலேன்னா மூணு ஆளை வீட்டுக்கு அனுப்பணும். உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு?

— அண்ணி சொன்னாங்க. அதனாலதான் முதலாளியம்மாகிட்ட உங்க பேரைச் சொன்னேன்.

— பின்ன என்ன யோசனை? இந்தக் குப்பையைக் கொண்டுபோய் உங்க முதலாளியம்மா மேசையில போடு.

— அவங்க மேசையிலருந்துதாண்ணே எடுத்துட்டு வந்தேன்.

— அப்ப அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும் இதோட லட்சணம். எவன் அடிச்சான்னு மட்டும் சொல்லு. தொழிலுக்கே அவமானம். இப்படி ஒருத்தன் என்கிட்ட இருந்திருந்தா அன்னிக்கே சட்டையப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்பேன்.

— இங்க, உங்க பிரஸ்ல அடிச்சதுதாண்ணே. உங்க பேரைச் சொன்னதும், முதலாளியம்மா பரீட்சை பாக்க கேஷியரம்மாவை இங்க அனுப்பி, யாரு என்னன்னு சொல்லாம இருநூறு நோட்டீஸ் அடிச்சு வாங்கினாங்க. "இருநூறுக்கெல்லாம் எவன் மெஷினைத் தொடுவான்? ஆபீஸ் ரூம் பிரிண்டர்லயே இழுத்துக் குடுத்து அனுப்பு, அதுங்களுக்கு என்ன தெரியப்போகுது"ன்னு உள்ளேருந்து ஒரு குரல் கேட்டுச்சாம். கேஷியரம்மா எங்க ஆபீஸ்ல அதை அப்படியே நடிச்சுக் காட்டினாங்க, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அச்சு அசல் உங்க குரல்ணே, நான்தான் சிரிக்க முடியாம நின்னேன்.