ஸ்பார்ட்டா கோஸ்தான் எடுத்த மாலை

பொறுமையாலேயே தலைமை நாற்காலியை நிறைத்திருக்கும் பினாங்கு மேசைப்போர்க் கழகத் தலைவர் கனகசுந்தரம் ஐயா அவர்களே! சாப்பாடு எப்போது என்று கண்ணாலேயே கேட்கும் சான்றோர் பெருமக்களே! புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பெர்ரி ஏறி வந்திருக்கும் தாய்மார்களே! என்னிடம் தோற்றும் இன்றைய விருந்துக்கு நாசி கண்டார் சமைத்துத் தந்த ஹனீபா அண்ணன் அவர்களே! இந்த எண்பத்து நான்காம் ஆண்டு விழாவில் அனைவரையும் வணங்குகிறேன்.

போர் என்றால் என்ன? நம் கழகத்தில் போர் என்பது, பச்சைத் துணி விரித்த மேசையில் கட்டைவிரல் உயர ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி, பழங்காலக் கிரேக்கர்களை இன்னொரு முறை சாகடிப்பது. இரண்டு ஆண்டுகளாக அந்தச் சிப்பாய்களின் கேடயங்களுக்கு வண்ணம் தீட்டியவர்கள் யார்? நானும் என் தோழி சல்மாவும். எதனால் தீட்டினோம்? எங்கள் நகப்பூச்சால். தேநீர் ஆற்றியவர்கள் யார்? நாங்கள். உறுப்பினர் ஆனவர்கள் யார்? எங்கள் கணவன்மார்.

எங்களையும் சேர்க்கக் கேட்டோம். தலைவர் மறுக்கவில்லை. "பிள்ளை, ஒரு சண்டை வெண்டு காட்டுங்கோ. பேந்து ரெண்டு பேரையும் சேர்க்கிறன். தோத்தா இந்தக் கதையை இனி எடுக்கப்படாது" என்றார்.

எங்களுடையது தீப்ஸ் நகரப் படை. எதிரே ஹனீபா அண்ணனின் ஸ்பார்ட்டா. எப்படிப்பட்ட படை அது! மார்பில் புண் ஏற்கும். முதுகில் வெயில்கூட ஏற்காது. விதி என்ன? தளபதி மேசையைத் தொடக் கூடாது. வாயால் உத்தரவிட வேண்டும். துணைத்தளபதி நகர்த்த வேண்டும். எனக்குத் துணை சல்மா. அண்ணனுக்குத் துணை, முப்பது ஆண்டு அரசாங்க எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற விநாசித்தம்பி ஐயா.

ஈட்டியோடு ஈட்டி நெருங்கியது. எங்கள் வலப்பக்கம் கரைந்தது, இடப்பக்கம் கலங்கியது. அந்த வேளையில், சன்னலுக்குக் கீழே சந்தில் ஒரு லாரி. அதற்கு வழிகாட்டிய புண்ணியவான் கத்தினார்: "கோஸ்தான்! கோஸ்தான்! லாகி கோஸ்தான்!"

வெளியூர் விருந்தினருக்காகச் சொல்கிறேன். பினாங்கில் வண்டியைப் பின்னால் எடுக்க வைக்கும் மந்திரம் அது. 'லாகி' என்றால் இன்னும்.

உத்தரவு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்வது விநாசித்தம்பி ஐயாவின் பணிமரபு அன்று. ஸ்பார்ட்டாவை அப்படியே முதுகு திருப்பிப் பின்னுக்கு நகர்த்தினார். 'லாகி'க்காக இன்னும் ஒரு சாண்.

"அண்ணே! அது லாரிக்குச் சொன்னதுலா! ஸ்பார்ட்டாவுக்கு எவன் கோஸ்தான் சொன்னான்?" என்று பதறினார் ஹனீபா அண்ணன்.

"நீங்கள்தானே கத்தினனீங்கள்?"

"வாய் நிறைய மீ கோரெங் வச்சிருக்கேன், நான் எப்படிக் கத்துவேன்?"

ஹனீபா அண்ணே, உட்காருங்கள். உங்களுக்கும் பேச நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

நடுவராக நின்ற தலைவர் தீர்ப்பளித்தார்: "நகர்த்தினது நகர்த்தினதுதான். எதிராளி சம்மதிச்சாத் திருப்பி வைக்கலாம். என்ன சொல்லுறியள், பிள்ளை?"

ஒரு பெண்ணின் பெருந்தன்மைக்காகக் காத்திருக்கும்போது ஓர் அறை எவ்வளவு அமைதியாகிறது! திருப்பி வைக்கச் சொல்லத்தான் வாயெடுத்தேன். விட்டுக்கொடுத்தே பழகிய வாய். பேருந்தில் இருக்கை, கறியில் கால்துண்டு, பேச்சில் கடைசிச் சொல், எதைத்தான் விட்டுக்கொடுக்கவில்லை? சல்மா என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, அடிங்க."

அடித்தோம். திரும்பிய முதுகில் தீப்ஸ் பாய்ந்தது. பகடை உருண்டது, ஸ்பார்ட்டா சரிந்தது.

லாரியால் வென்றவர்கள் என்று எங்களைச் சொல்கிறார்கள். உண்மை. லாரியால்தான் வென்றோம். ஆனால் எதிரி பின்வாங்கும்போது, உத்தரவிட்டவர் யார் என்று விசாரித்துக்கொண்டு நின்ற படை உலகில் உண்டா? தாய்மார்களே! கதவு உங்களுக்காகத் திறக்காமல் இருக்கலாம். காற்றுக்காகத் திறந்திருக்கலாம், பூனைக்காகத் திறந்திருக்கலாம், மறதியால் திறந்திருக்கலாம். யாருக்காகத் திறந்தது என்று கேட்டு வாசலில் நிற்காதீர்கள். உள்ளே போங்கள்! போனபின் சாத்தாதீர்கள். பின்னால் இன்னொருத்தி வருகிறாள்.

கேட்டவர்களுக்கு நன்றி, பொறுத்தவர்களுக்கு இருமடங்கு நன்றி. விடைபெறுகிறேன், கழக உறுப்பினர் அருந்ததி. வணக்கம்.